வாலிபர்களைக் கோவிலுக்கு இழுக்கப்போய் நாம் செய்யும் தவறுகள்

தென் மாவட்டத்துக் கிராமத்துக் கிறிஸ்தவச் சபை ஒன்றில் ஞாயிறு ஆராதனை நேரத்தில் வாசலில் நின்று பாருங்கள். பெண்கள் பக்கம் இடம் போதாமல் நாற்காலி போட்டிருப்பார்கள். ஆண்கள் பக்கம் பின் பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும். இருபது வயதுப் பையன்கள் நாலைந்து பேர் வெளியே வேப்பமரத்தடியில், பைக்கில் சாய்ந்தபடி பிரசங்கம் முடியக் காத்திருப்பார்கள். கமிட்டியில் இந்தப் பேச்சு எழுந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லுவார்: "கோவிலே பொம்பளைங்க மயமாயிட்டு. பெறவு பயலுவ எப்படி வருவானுவ?"

முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. பெஞ்சு நிறைய இருப்பவர்கள் பெண்கள், சரி. கணக்குப் புத்தகமும் சாவிக்கொத்தும் யார் கையில்? செயலாளர், பொருளாளர், பேராயரின் ஆளுகைக்குட்பட்ட சபைகளெல்லாம் சேர்ந்த திருமண்டலத்தின் தேர்தலில் மோதிக்கொள்ளும் இரண்டு அணித் தலைவர்கள், எல்லாம் பெரும்பாலும் ஐம்பது தாண்டிய ஆண்கள். தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., உருவானது 1947இல். அதில் முதல் பெண் பேராயராக புஷ்பா லலிதா நந்தியாலில் பொறுப்பேற்றது 2013இல்தான். 66 வருஷம் ஆகியிருக்கிறது. இதைப் பெண்கள் மயம் என்றால் கணக்கு எங்கோ உதைக்கிறது.

இந்தப் புலம்பல் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் 1911, 1912 வருஷங்களில் ஆண்களைச் சபைக்கு மீட்கவென்றே ஓர் இயக்கம் நகரம் நகரமாகக் கூட்டம் போட்டது. சமயத்துக்கு இன்னும் அதிக ஆண்கள், ஆண்களுக்கு இன்னும் அதிக சமயம் என்பது அதன் முழக்கம். கூட்டங்கள் முடிந்தன, பெஞ்சுகளில் அதற்குப் பிறகும் பெண்கள்தான் அதிகம்.

அடுத்தது, வீரத்தைத் தூண்டிலாகப் போடுவது. சியாட்டிலில் 1996இல் தொடங்கிய மார்ஸ் ஹில் சபை இந்த வழியில்தான் இளைஞர்களைக் கூட்டமாகச் சேர்த்தது. கிறிஸ்தவம் மென்மையாகிப் போய்விட்டது, ஆண் ஆணாக இருக்க வேண்டும் என்று அதன் போதகர் மார்க் டிரிஸ்கால் முழங்கினார். பையன்கள் வந்தார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் முரட்டுத்தனத்தைப் புண்ணியமாக்கினால் அது மேடையிலிருந்தே வேலையைக் காட்டும். கோபம், கடுஞ்சொல், அடக்கியாளும் போக்கு என்று புகார்கள் குவிந்து, 2014இல் அவர் விலகினார். சில வாரங்களில் சபையையே கலைப்பதாக அறிவித்துவிட்டார்கள். இப்போது நம் வாலிபர் முகாம் பேனர்களிலும் சிங்கமும் வாளும் வந்துவிட்டன. முகாமில் வேதாகமத்தின் எபேசியர் 5இல் 22ஆம் வசனத்தை, மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்பதை, உரக்க வாசிப்பார்கள். அதற்கு நேர் மேலே 21இல் "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்று இருப்பது கண்ணில் படாது. இயேசுவின் சீஷன் பேதுரு வாளை உருவியதைப் பிரசங்கிப்போம். அதே இரவில் அவன் வெளியே போய் மனங்கசந்து அழுததை வேகமாகக் கடந்துவிடுவோம். அழத் தெரிந்த ஒரு பையன் அந்த முகாமில் உட்கார்ந்திருந்தால் அவன் என்ன நினைப்பான்?

விளையாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கம் 1844இல் லண்டனில் கடைச் சிப்பந்திகளின் ஜெபக்குழுவாகத் தொடங்கியது. அந்த அமைப்பின் பயிற்சிப் பள்ளியில்தான் 1891இல் கூடைப்பந்து பிறந்தது. சென்னையில் 1920இல் உடற்கல்விக் கல்லூரியும் வந்தது. நாட்டுக்கு நல்ல உடற்கல்வி ஆசிரியர்கள் கிடைத்தார்கள். இன்று ஒய்.எம்.சி.ஏ. என்றதும் எத்தனை பேருக்கு ஜெபம் ஞாபகம் வருகிறது? கிரிக்கெட் போட்டி தாராளமாக வையுங்கள். கோப்பை கொடுக்கும் முன் பதினைந்து நிமிஷம் பிரசங்கம் செய்துவிட்டு, பையன்களைப் பிடித்தாயிற்று என்று மட்டும் எண்ண வேண்டாம்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு ஆராதனை முடிந்து வாசலில் நடப்பதுதான். "என்னடே, வேலை கிடைச்சிட்டா? எவ்வளவு தாரான்?" கேட்பவருக்கு அது வெறும் நலவிசாரிப்பு. படித்து முடித்து மூன்று வருஷமாகச் சும்மா இருப்பவனுக்கு அது வாராவாரம் எழுதும் பரீட்சை. விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணிக்காயை ஆயிரக்கணக்கில் ஏலம் கேட்பவர்களைக் கைதட்டிப் பாராட்டுகிறோம். அவன் சட்டைப்பையில் பெட்ரோலுக்குத்தான் காசிருக்கும். ஆண் என்றால் சம்பாதிக்க வேண்டும் என்ற ஊர்ச் சட்டத்தைக் கோவிலும் அப்படியே வைத்திருக்கிறது. அவன் வேப்பமரத்தடியில் நிற்பதற்குப் பெண்கள் ஐக்கியம் என்ன செய்யும்? அவன் தங்கையும் வேலை தேடிக்கொண்டுதான் இருப்பாள். அவளிடம் வேறு கேள்வி கேட்பார்கள். அதுவும் நல்ல கேள்வியில்லை.

ஆனால் சபையார் எல்லாருக்கும் சமைத்துப் போடும் அசன விருந்துக்கு முந்தின ராத்திரி அந்தப் பையன்களைப் பார்க்க வேண்டும். ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்துவிடுவார்கள். மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்து, கத்தரிக்காய் நறுக்கி, விடிய விடிய கொப்பரையைக் கிண்டுவார்கள். வீட்டில் காபி டம்ளரைக்கூடக் கழுவாதவன் அண்டாவுக்குள் இறங்கித் தேய்ப்பான். இது பொம்பளை வேலை என்று அன்றைக்கு யாரும் சொல்வதில்லை. உயிர்த்த கிறிஸ்துவே கரையில் கரிநெருப்புப் போட்டு மீன் சுட்டு வைத்துச் சீஷர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார் என்று யோவான் 21 சொல்கிறது. இந்தப் பையன்கள் யாருக்கும் சிங்கப் படம் காட்ட வேண்டியிருக்கவில்லை. ஊரே சாப்பிட வேண்டும், தான் இல்லாவிட்டால் வேலை முடியாது என்று அவனுக்குத் தெரிகிறது, வருகிறான்.

மறுநாள் பாத்திரத்தை அடுக்கியதும் அவனை அனுப்பிவிடுகிறோம். அப்புறம் ஸ்பீக்கர் பெட்டி தூக்கத்தான் கூப்பிடுவோம். வருகிற வருஷம் அசனக் கணக்கை அவனும், பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்த பெண்ணும் சேர்ந்து எழுதட்டும். கமிட்டிக் கூட்டத்தில் அதை வாசிக்கவும் அவர்களையே கூப்பிடுங்கள். பெரியவர்கள் குறுக்கே கேள்வி கேட்பார்கள், கேட்கட்டும்.