கிளம்பும் முன் செய்யும் தவறுகள்: வெளிநாடு போக நினைத்தவர் ஏன் ஊரிலேயே இருக்கிறார்?

"இந்த வருஷம் எப்படியும் கெளம்பிடுவேன்" என்பவரெல்லாம் விமானம் ஏறுவதில்லை. ஏறாதவரை ஊர் "தைரியம் இல்லாதவன்" என்று சொல்லிவிடுகிறது. அது தப்பு. 2010-2015இல் கேலப் நிறுவனம் உலகெங்கும் எடுத்த கருத்துக்கணிப்புகளை வைத்து ஐ.நா. குடிபெயர்வு அமைப்பு கணக்குப் பார்த்தது. ஒரு வருடத்துக்குள் வெளிநாட்டில் போய்க் குடியேறத் திட்டமிட்டவர்கள் சுமார் 6.6 கோடிப் பேர். அதற்கான ஏற்பாட்டில் இறங்கியவர்களோ 2.3 கோடிதான். ஆசைக்கும் பயணத்துக்கும் நடுவே பாஸ்போர்ட், உடம்பு, பணம், வீடு என்று எத்தனையோ நிற்கின்றன.

என் பெரியப்பா மகனுக்கு சவூதியில் வேலை என்றார்கள். அண்ணியின் ஐந்து பவுன் சங்கிலியை அடகு வைத்து ஏஜென்டிடம் பணம் கட்டினார். மெடிக்கல் அதற்குப் பிறகுதான். சின்ன வயதில் வந்து குணமான காசநோயின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தது, 'அன்ஃபிட்'. கட்டியதில் பாதிதான் திரும்பி வந்தது. வட்டி ஏறி, சங்கிலி ஏலத்துக்குப் போய்விட்டது. வளைகுடா நாடுகளின் மெடிக்கலில் பழைய தழும்புக்கும் தள்ளிவிடுவார்கள் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நகையைத் தொடும் முன் உள்ளூரிலேயே ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

பத்தாவது பாஸானவர்கூட சான்றிதழ் வைக்காமல் விண்ணப்பித்து இசிஆர், அதாவது 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்ற வகை பாஸ்போர்ட் வாங்கிவிடுகிறார். அதை வைத்துக்கொண்டு 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். "விசிட் விசாவில் போங்க, அங்க மாத்திக்கலாம்" என்று ஏஜென்ட் சொல்வது இந்த அனுமதியைத் தாண்டிப் போகத்தான். நம்பிவிடாதீர்கள். விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிடலாம். போய்ச் சேர்ந்தாலும் கையில் ஒப்பந்தம் இருக்காது. அனுமதியோடு போகிறவருக்குக் கிடைக்கும் 10 லட்ச ரூபாய் காப்பீடும் இருக்காது.

பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. பதிவு எண்ணை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். ரசீது தரமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டில் பேசாமல் விடுவதுதான் எனக்கு அதிகம் வலிக்கும் தவறு. விசா வந்த பிறகு, "அம்மாவை யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது?" என்று மனைவி கேட்கும்போதுதான் பலர் நின்றுவிடுகிறார்கள். அதற்குள் இருந்த வேலையையும் விட்டிருப்பார்கள். பாஸ்போர்ட்டை ஏஜென்டிடம் நீட்டும் முன்பே அந்தக் கேள்வியை நீங்களாகவே வீட்டில் எடுங்கள். போக வேண்டாம் என்று அப்போது முடிவானால் வேலையும் நகையும் கையில் இருக்கும்.