எல்.இ.டி.க்கு எத்தனை ஓம் ரெசிஸ்டர்?

ரெசிஸ்டர் என்பது மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் பாகம்; அதன் அளவுதான் ஓம். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். இரண்டையும் பெருக்கினால் வாட். கணக்கு இவ்வளவுதான். ஆனால் எந்த வோல்ட்டை எடுப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள்.

9 வோல்ட் பேட்டரியில் ஒரு சிவப்பு எல்.இ.டி.யை எரிய வைக்க வேண்டும். எல்.இ.டி. தனக்கென்று சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 7 வோல்ட்தான் ரெசிஸ்டருக்கு. மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியர், அதாவது 0.02 ஆம்பியர். இந்த மாற்றத்தை மறந்து 7-ஐ 20-ஆல் வகுத்தால் 0.35 ஓம் என்று வரும். அதை நம்பிப் பொருத்தினால் எல்.இ.டி. கருகிவிடும், கவனம்! சரியான விடை 350 ஓம். அந்த அளவு எளிதில் கிடைக்காது. 390 ஓம் போடுங்கள், வெளிச்சம் பெரிதாகக் குறையாது.

அப்புறம் வாட்: 7 × 0.02 = 0.14. கால் வாட் ரெசிஸ்டர் தாராளமாகத் தாங்கும்.