மழைக்கு முன்னாலா, பின்னாலா? டயர் மாற்றுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் தாராவியிலிருந்து ஒரு தம்பி வண்டியைக் காட்ட வந்தான். கடனில் எடுத்த செகண்ட் ஹேண்ட் செடான், டாக்ஸிக்கு ஓட்டுகிறான். முன் டயரில் விரலை வைத்துப் பார்த்தேன். பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பர் மேடு, பாதிக்கு மேல் போயிருந்தது. எப்போது மாற்றப் போகிறாய் என்று கேட்டேன். "கணபதி பண்டிகை முடியட்டும்ணே, மழையில புது டயரை எதுக்கு வீணாக்கணும்?" என்றான். 2012இல் நான் சொன்ன அதே வாக்கியம், வார்த்தை மாறாமல்.

மும்பையில் இருபது வருடத்துக்கு மேலாக டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன். காற்று குறைவாக ஓட்டாதே, மொட்டை டயரில் ஓட்டாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வருவது வேறு.

மழை முடிந்து மாற்றிக்கொள்ளலாம் என்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். கேட்க நல்ல சிக்கனம் போலத்தான் இருக்கும், ஆனால் கணக்கு அப்படியே தலைகீழ்.

காய்ந்த ரோட்டில் பிடிப்பு தருவது ரப்பர். பட்டனுக்கு நடுவே உள்ள பள்ளம் இருப்பது தண்ணீரை வெளியே தள்ளுவதற்கு. ஓரளவு தேய்ந்த டயர் ஏப்ரல் வெயிலில் ஒழுங்காகவே ஓடும். ஆனால் ஜூலையில் கிழக்கு விரைவுச் சாலையில் தண்ணீர் தகடு போல நிற்கும்போது, பள்ளம் ஆழமில்லாத டயரால் அதைத் தள்ள முடியாது. டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் தண்ணீர் புகுந்து வண்டி மிதக்க ஆரம்பித்துவிடும். அப்புறம், டயரை அதிகம் தின்பது சூட்டு ரோடுதான், ஈர ரோடு இல்லை. அதனால் பழைய டயரை வெயிலில் ஓட்டித் தீர்த்துவிட்டுப் புதியதை மழைக்குப் போடுவதுதான் லாபம். நாங்கள் பல பேர் இதை நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தோம்.

ஒரு சின்னக் கணக்கு. புது டயரில் சுமார் 8 மி.மீ பள்ளம் இருக்கும். 1.6 மி.மீக்கு வந்தால் தூக்கிப் போட வேண்டும் என்பது சட்டம். பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கின்றன பாருங்கள், பட்டன் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் அதுதான் 1.6. ஒரு டயர் 45,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால், 7,000 கிலோமீட்டருக்கு ஒரு மி.மீ போகிறது. டாக்ஸி மாதம் 4,000 ஓடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை 16,000, அதாவது 2 மி.மீக்கு மேல். மே மாதம் 3.5 இருந்த டயர் செப்டம்பரில் சட்டத்துக்கே ஆகாது. ஜூலை, ஆகஸ்டில் அடிக்கிற பெரிய மழையில் நீங்கள் ஓட்டுவது மேயில் பார்த்த டயர் இல்லை. அந்தத் தம்பிக்கு இதைத்தான் தரையில் சாக்பீஸால் எழுதிக் காட்டினேன்.

வீட்டு வண்டிக்கு இவ்வளவு கறார் தேவையில்லை. மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மழைக்காலம் முழுவதும் சேர்த்து அரை மி.மீ கூடத் தேயாது. 3.5 இருந்தால் தாராளமாக ஓட்டலாம். டாக்ஸிக்கு, மே மாதம் 5க்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள் என்பேன். இது சட்டமில்லை, என் அனுபவம்.

அந்த அனுபவம் வந்த கதை இது. 2012 ஜூலை. முலுண்டிலிருந்து ஒரு குடும்பம், ஊருக்கு ரயில் பிடிக்கக் குர்லா டெர்மினஸ் போக வேண்டும். விக்ரோலி தாண்டும்போது நல்ல மழை, வேகம் எழுபதுதான் இருக்கும். திடீரென்று ஸ்டியரிங் கையில் கனமே இல்லாமல் ஆகிவிட்டது, வெண்ணெயில் விரல் விட்டது போல. நான் செய்த அடுத்த தப்பு, பிரேக்கை அழுத்தி மிதித்தது. சக்கரம் மறுபடி ரோட்டைப் பிடித்தபோது வண்டி டிவைடர் பக்கம் திரும்பியிருந்தது. யாருக்கும் அடியில்லை. பின்சீட்டிலிருந்த பாட்டி "முருகா" என்றதோடு சரி. பம்பர், ஹெட்லைட், கீழே சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம் எல்லாம் போனது. நாலு டயருக்கான பதினான்காயிரத்தை மூன்று மாதம் தள்ளிப்போடப் பார்த்து, முப்பத்தெட்டாயிரமும் பன்னிரண்டு நாள் வருமானமும் போயிற்று. கடைசியில் அந்த நாலு டயரையும் வாங்கத்தான் வாங்கினேன்.

ஸ்டியரிங் அப்படி லேசானால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக்கை மறந்துவிடுங்கள்.

ஜூன் 11ஐ நம்பி உட்கார்ந்திருப்பது

கனடாவில், மாண்ட்ரியலில் இருக்கும் என் தங்கை மகன் வேறு ரகக் கவலைப்படுகிறான். குளிர் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயர் ரப்பர் இறுகிவிடும் என்பதால், அங்கே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். தேதியைச் சட்டமே சொல்லிவிடுகிறது. நமக்குத் தேதி சொல்ல ஆளில்லை. மும்பைக்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 11 வாக்கில் வரும். 2025இல் மே 26ஆம் தேதியே வந்து நின்றது. ஜூன் முதல் வாரம் மாற்றலாம் என்றிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் டயர் கடை வாசலில் நின்றார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. புது டயரில், அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழுவழுப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது போக இருநூறு முந்நூறு கிலோமீட்டர் காய்ந்த ரோட்டில் ஓட வேண்டும். முதல் மழையில் ரோட்டிலிருந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து சேறாகி இருக்கும்போதா அதை ஓட்டிப் பார்ப்பது? மே 15க்குள் முடித்துவிடுங்கள்.

புது டயரை முன்னால் போடுவது

கையில் இரண்டு டயருக்குத்தான் காசு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன் சக்கரம் இழுக்கிற வண்டியில் முன் டயர்தான் சீக்கிரம் தேயும், எனவே கடைக்காரர் புதியதை அங்கேயே மாட்டிவிடுவார். வேண்டாம். புதியது பின்னால், பின்னால் இருந்தது முன்னால். முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், கையில் உணரலாம், வேகத்தைக் குறைக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், உணர்வதற்குள் முடிந்துவிடும். இதற்காகக் கடையில் வாக்குவாதம் செய்ய வேண்டியிருக்கும். செய்யுங்கள்.

பட்டன் இருக்கிறதே என்று வயதைப் பார்க்காதது

மாட்டுங்காவில் ரிட்டயர்டான ஒருவரின் வண்டி. எட்டு வருடத்தில் 9,000 கிலோமீட்டர். பட்டன் புதுசு மாதிரி, ரப்பரோ கட்டை. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆம் வாரம். ஐந்தாறு வருடம் தாண்டினால் எனக்கு நம்பிக்கை இல்லை.

கோடு கிழித்த பழைய டயர்

மொட்டை டயரில் சூட்டுக் கத்தியால் பள்ளம் வெட்டிப் பாதி விலைக்குத் தருவார்கள். தொடாதீர்கள்.

மழையில் பிடிப்புக்காகக் காற்றைக் குறைப்பது

குறைத்தால் வண்டி இன்னும் சீக்கிரம் மிதக்கும்.

ஸ்டெப்னி

மே மாதம் அதையும் வெளியே எடுத்துப் பாருங்கள். ஒருமுறை நான் எடுத்தபோது அதில் காற்று இல்லை, எலிக்கூடு இருந்தது.