ஆராய்ச்சிப் பேப்பர்ல போடுற சர்க்யூட் படத்தை எதுல வரையலாம்?

சாஃப்ட்வேர் எதுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி படம் எவ்ளோ அகலத்துல அச்சாகும்னு பாருங்க. ஐட்ரிபிள்ஈன்ற எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர்கள் அமைப்போட ஜர்னல்ல ஒரு காலம் (பக்கத்துல நெட்டா ஓடுற ஒரு பத்தி) 3.5 இன்ச் அகலம், அதாவது கிட்டத்தட்ட 89 மில்லிமீட்டர் தான், ரெண்டு காலம் எடுத்துக்கிட்டா ஏழு இன்ச் சொச்சம், அவ்ளோ தான் இடம். ஸ்க்ரீன்ல பெருசா அழகா தெரியுறதெல்லாம் இங்க கணக்குல வராது.

அடுத்தது, வெக்டரா, அதாவது எவ்ளோ பெருசாக்கினாலும் கோடு மங்காத வடிவத்துல, எக்ஸ்போர்ட் ஆகணும். பிடிஎஃப், எஸ்விஜி, இபிஎஸ் எதுவும் ஓகே. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஜேபெக்கா போட்டா கோட்டைச் சுத்தி அழுக்கு மாதிரி படியும், கோட்டுப் படத்துக்கு ஜேபெக் வேணவே வேணாம்.

பேப்பரை லேட்டெக்ஸ்ல (கட்டளை எழுதி பக்கத்தை அச்சுக்கோர்க்கிற சாஃப்ட்வேர்) எழுதுறவங்களா இருந்தா யோசிக்கவே வேணாம், அதுக்குள்ளயே சர்க்யூட் வரையற சர்க்யூட்டிக்ஸ் பேக்கேஜ் தான். பேப்பர்ல என்ன ஃபான்ட்டோ அதே ஃபான்ட் படத்துலயும் வரும், ஆர் ஒன்னு, சி டூ மாதிரி பேரெல்லாம் சமன்பாட்டுல இருக்கிற அதே சாய்வெழுத்துல நிக்கும். ரெசிஸ்டர் ஜிக்ஜாக்கா வேணுமா பெட்டியா வேணுமான்றது ஒரே ஆப்ஷன், அமெரிக்கன்னு போட்டா ஜிக்ஜாக், யூரோப்பியன்னு போட்டா பெட்டி, படம் முழுக்க மாறிடும். கஷ்டம் எங்கன்னா மவுஸே கிடையாது, எல்லாத்தையும் ப்ரோகிராம் மாதிரி டைப் அடிக்கணும், ஆப்ஆம்ப் (பிளஸ், மைனஸ்னு ரெண்டு இன்புட் இருக்கிற ஆம்ப்ளிஃபயர்) வந்தா கொஞ்சம் படுத்தும். மைனஸ் இன்புட் தான் டீஃபால்ட்டா மேல இருக்கும், பிளஸ் மேல வரணும்னு ஒய்ஸ்கேல் மைனஸ் ஒன்னு குடுத்து கவுத்தா உள்ள எழுதுன பேரும் தலைகீழாயிடும், அதுக்குன்னே நான்-இன்வெர்ட்டிங் இன்புட்டை, அதாவது பிளஸை, மேல வைக்கிற ஆப்ஷன் தனியா இருக்கு, அதைப் போடுங்க.

சர்க்யூட் போர்டையே கைகேட்ன்ற டிசைன் சாஃப்ட்வேர்ல தான் பண்ணீங்கன்னா திரும்ப வரைய சோம்பலா இருக்கும், நியாயம் தான். ப்ளாட்ல போய் எஸ்விஜி, பிளாக் அண்ட் ஒயிட் செலக்ட் பண்ணி, சுத்தி வர்ற ஃப்ரேமையும் டைட்டில் பெட்டியையும் ஆஃப் பண்ணிடுங்க. ஆனா ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க, ஏ4 ஷீட் படுக்கை வாட்டுல 297 மில்லிமீட்டர் அகலம், அதை நிறைச்சு வரைஞ்சதை 89க்கு சுருக்கினா மூணுல ஒரு பங்கு கூட தேறாது, கைகேட்ல டீஃபால்ட் எழுத்து 1.27 மில்லிமீட்டர் உயரம், சுருங்கி 0.4 கூட இருக்காது, ரிவ்யூவர் லென்ஸ் வச்சு தான் படிக்கணும். அதனால முழு ஸ்கீமேட்டிக்கையும் (சர்க்யூட் படம்) அப்படியே தூக்கிப் போடாதீங்க. டீகப்ளிங் கெப்பாசிட்டர் (சப்ளை வோல்டேஜை நிலையா வைக்கிறது), கனெக்டர் எல்லாம் வெட்டிட்டு, பேப்பர்ல நீங்க பேசுற பகுதியை மட்டும் நெருக்கி வரைஞ்சு எழுத்தைப் பெருசாக்குங்க.

பைத்தான் ப்ரோகிராமிங் பழக்கம் இருந்தா ஸ்கெம்ட்ரான்ற அதோட சர்க்யூட் வரையற லைப்ரரி நல்லா இருக்கும், ஒரே மாதிரி ஸ்டேஜ் திரும்பத் திரும்ப வர்ற படத்தை லூப் போட்டே வரைஞ்சிடலாம். எல்டிஸ்பைஸ் சிமுலேஷனுக்கு அருமை, அதோட ஸ்கீமேட்டிக்கை அப்படியே பேப்பர்ல போட்டா எனக்குப் பார்க்கவே புடிக்காது. ஃப்ரிட்ஸிங் சாஃப்ட்வேரோட பிரெட்போர்டு படம் (பாகங்களை சோல்டர் இல்லாம சொருகுற பலகையை வரைஞ்சு காட்டுறது) பசங்களுக்கு சொல்லித்தர ஓகே, ஜர்னலுக்கு ம்ஹூம்.

எதுல வரைஞ்சாலும் கடைசியா இங்க்ஸ்கேப்ன்ற வெக்டர் எடிட்டர்ல திறந்து வெள்ளை ஓரத்தை வெட்டிக்கலாம். அப்புறம் 89 மில்லிமீட்டர் அகலத்துல ஸ்கேல் 100 சதவீதம் வச்சு ஒரு பிரின்ட் எடுங்க, கோடு சேர்ற இடத்துல புள்ளி தெரியுதா, சும்மா குறுக்க போற இடத்துல புள்ளி இல்லாம இருக்கான்னு பாருங்க. பிடிஎஃப்ல ஃபான்ட் எம்பெட் ஆகியிருக்கான்னும் (ஃபைலுக்குள்ளயே சேர்ந்திருக்கான்னு) ப்ராப்பர்ட்டீஸ்ல பார்த்துட்டு அப்புறமா அனுப்புங்க.