தீம் பார்க்கின் சொந்த ஹோட்டல்: காசு எங்கே வீணாகிறது, எங்கே தேறுகிறது

தீம் பார்க் போவது என்று முடிவானதும் எல்லோரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. பார்க்கின் சொந்த ஹோட்டல் வாடகையை ஒரு பக்கம் திறந்து வைப்பது, ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சாதாரண ஹோட்டலின் வாடகையை இன்னொரு பக்கம் திறந்து வைப்பது. முன்னது பெரும்பாலும் இரண்டு மடங்கு இருக்கும், சில நாள் அதற்கும் மேல். "ராத்திரி தூங்க மட்டும்தானே" என்பார் ஒருவர். "வாழ்க்கையில ஒரு தடவைதானே போறோம்" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே கணக்குப் போடவில்லை.

வாடகையோடு வாடகையை வைத்துப் பார்ப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளம்புகிறவை. பார்க் ஹோட்டல் வாடகையில் கட்டிலுக்கும் ஏ.சி.க்கும் உண்டான பங்கு கொஞ்சம்தான். மீதி, காலையில் மிச்சமாகும் நேரத்துக்கும் தேயாமல் தப்பிக்கிற காலுக்கும் கொடுக்கிற காசு. அந்த நேரத்தை நீங்கள் உண்மையிலேயே பயன்படுத்தினால் வாடகை நியாயம். இல்லையென்றால் கார்ட்டூன் வரைந்த சுவருக்கு இரட்டை வாடகை கட்டியதுதான் மிச்சம்.

அதற்காக வெளி ஹோட்டல் மலிவு என்று அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். முன்பதிவில் காட்டும் வாடகைக்கு மேல் ரிசார்ட் ஃபீ என்று தினம் ஒரு தொகை சேரலாம். ஹோட்டலில் கார் நிறுத்த ஒரு தொகை, பார்க்கில் நிறுத்த இன்னொரு தொகை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். நேரமும் அப்படித்தான் கரையும். ஃபுளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டின் பார்க்குகளில் ஒன்றான மேஜிக் கிங்டமுக்குக் காரில் போகிறவர்கள் வண்டியை நிறுத்துகிற இடம் ஏரிக்கு இக்கரையில், பார்க் வாசல் அக்கரையில். அங்கிருந்து மோனோரயிலோ படகோ பிடிக்க வேண்டும். டிஸ்னி ஹோட்டல்களின் பஸ்ஸோ வாசலருகே கொண்டுபோய் இறக்கிவிடும். "ஹோட்டலிலிருந்து பத்தே நிமிஷம்" என்று மேப் காட்டுவது பார்க்கிங் கேட் வரைக்கும்தான். அப்புறம் பை சோதனை, டிக்கெட் வரிசை என்று முதல் ரைடில் உட்காரும்வரை ஆகிற நேரம் அதில் வராது.

பார்க் ஹோட்டல்கள் போடுகிற பெரிய தூண்டில், சீக்கிர நுழைவு: மற்றவர்களுக்குத் திறப்பதற்கு முன்பே உள்ளே விடுவது. வால்ட் டிஸ்னி வேர்ல்டில் தங்குகிறவர்களுக்கு அரை மணி நேரம், டோக்கியோ டிஸ்னியில் கால் மணி நேரம். கேட்கும்போது அற்பமாகத் தெரியும். ஆனால் திறந்தவுடன் ஏறக்குறைய நேரே போய் ஏறிவிடுகிற பெரிய ரைடுக்கு, பதினோரு மணிக்குப் போனால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நிற்க நேரலாம். காலையில் சம்பாதிக்கிற அரை மணி, பகலில் இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

சலுகை இருக்கிறது என்று பணத்தைக் கட்டிவிட்டு அந்த நேரத்தில் தூங்குவதுதான் சிக்கல். முதன்முறை ஒரு பார்க் ஹோட்டலில் தங்கியபோது நாங்கள் அதைத்தான் செய்தோம். விமானம் தாமதமாகி அறைக்குள் நுழைந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. கைவசம் மூன்று காலைகள். முதல் காலை யாருமே எழவில்லை. இரண்டாம் நாள் எழுந்தோம். ஆனால் சின்னவளின் ஒற்றை ஷூ கட்டிலுக்கடியில் போய், அதைத் தேடி எடுப்பதற்குள் பஸ் போய்விட்டது. மூன்றாம் நாள்தான் நேரத்துக்கு வாசலில் நின்றோம். மூன்று காலைக்குக் காசு கொடுத்து ஒன்றை அனுபவித்த கணக்கு.

வாசலில் நின்றபோதுதான் இன்னொன்றும் புரிந்தது. நமக்கு மட்டும் கதவு திறப்பதில்லை. வால்ட் டிஸ்னி வேர்ல்டை எடுத்துக்கொண்டால், அங்கே ஹோட்டல் அறைகளே 25,000க்கு மேல். அத்தனை அறைக்காரர்களுக்கும் அதே அரை மணிதான். அறிவித்த நேரத்துக்குச் சரியாகப் போகிறவருக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு ஊரே நிற்கும். அதற்கும் அரை மணி முன்னதாகப் போய் நிற்கிறவருக்குத்தான் பலன். அந்த நேரத்தில் எல்லா ரைடும் ஓடாது. எவை ஓடும் என்பதை முந்தின ராத்திரியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் செக்-இன் செய்கிற நாளுக்கு இந்தச் சலுகை கிடையாது, மறுநாள் காலையிலிருந்துதான். ஆக அங்கே ஒரு ராத்திரி தங்கினால் ஒரே ஒரு கால் மணி. அதற்கு அந்த வாடகை தகுமா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பார்க் பெயர் பலகையில் இருந்தால் எல்லா ஹோட்டலும் ஒன்றுதான் என்று நினைப்பது. ஃபுளோரிடாவிலேயே இருக்கும் யூனிவர்சல் ஆர்லாண்டோவில் போர்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் என்ற மூன்று ஹோட்டல்களில் தங்கினால் எக்ஸ்பிரஸ் பாஸ், அதாவது குறுக்கு வரிசை, வாடகையிலேயே அடக்கம். அதே நிறுவனத்தின் மலிவான ஹோட்டல்களில் அது கிடையாது. சரி, விலை கூடக்கூடச் சலுகையும் கூடும் போலிருக்கிறது என்று நினைத்தால் அதுவும் தப்பு. 2025இல் எபிக் யூனிவர்ஸ் பார்க்கோடு சேர்த்துத் திறந்த ஹீலியோஸ் கிராண்ட், அங்கேயுள்ள விலை உயர்ந்த ஹோட்டல்களில் ஒன்று. பார்க்குக்குள் நேரே இறங்கத் தனி வாசலே உண்டு. ஆனால் எக்ஸ்பிரஸ் பாஸ் வாடகையில் சேராது. முன்சொன்ன மூன்று ஹோட்டல்களின் இலவச பாஸும் பழைய இரண்டு பார்க்குகளில்தான் செல்லும், எபிக் யூனிவர்ஸில் செல்லாது. டிஸ்னி வேர்ல்டிலும் இப்படித்தான்: சில ராத்திரிகளில் பார்க் மூடிய பிறகும் உள்ளே இருக்கும் சலுகை, மேல் தட்டு ஹோட்டல்காரர்களுக்கு மட்டும்.

யூனிவர்சலின் அந்த மூன்று ஹோட்டல்களில் ஒரு நல்ல சங்கதி ஒளிந்திருக்கிறது. பாஸ், செக்-இன் நாளுக்கும் செக்-அவுட் நாளுக்கும் சேர்த்தே செல்லும். ஒரே ராத்திரி வாடகையில் இரண்டு முழு நாள். காலையிலேயே போய்ப் பெட்டியை ஒப்படைத்துவிட்டு, அறை தயாராகும்வரை காத்திருக்காமல் பாஸை வாங்கிக்கொண்டு பார்க்குக்குள் போய்விடலாம். நான்கு பேர் குடும்பத்துக்கு இரண்டு நாள் எக்ஸ்பிரஸ் பாஸைத் தனியாக வாங்கினால் என்ன ஆகும் என்று கூட்டிப் பாருங்கள். கூட்ட நாளில் அது அறை வாடகையையே தாண்டிவிடுவதுண்டு. என்னைக் கேட்டால், பார்க் ஹோட்டல் தகுமா என்ற கேள்விக்குத் தயங்காமல் "தகும்" என்று சொல்லக்கூடிய சில இடங்களில் இது ஒன்று. கூட்டமே இல்லாத நாளில் போகிறவருக்கு இதே பாஸால் பெரிய பிரயோஜனம் இல்லை.

"பார்க் வளாகத்துக்குள்" என்ற சொல்லும் ஆளை ஏமாற்றும். டிஸ்னி வேர்ல்டின் பரப்பு சுமார் 100 சதுர கிலோமீட்டர். ஒரு ஊர் அளவு. அங்கே கன்டெம்பரரி ஹோட்டலிலிருந்து மேஜிக் கிங்டமுக்குப் பத்து நிமிஷ நடை. அனிமல் கிங்டம் லாட்ஜிலிருந்தோ, பெயரிலேயே பார்க் இருந்தாலும், எந்தப் பார்க்குக்கும் நடக்க வழியில்லை, எல்லாவற்றுக்கும் பஸ்தான். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் கதை தலைகீழ். ஹார்பர் பூலவார்டு என்ற சாலைக்கு எதிர்ப்புறம் வரிசையாக இருக்கும் வெளி ஹோட்டல்கள் சிலவற்றிலிருந்து வாசலுக்கு நடக்கிற தூரம், டிஸ்னிலேண்ட் ஹோட்டலிலிருந்து நடக்கிற தூரத்தைவிடக் குறைவு.

இதற்குப் பின்னால் ஒரு பழங்கதை இருக்கிறது. 1955இல் டிஸ்னிலேண்டைக் கட்டியபோது வால்ட் டிஸ்னியிடம் ஹோட்டல் கட்டக் காசு இல்லை. டிஸ்னிலேண்ட் ஹோட்டலைக் கட்டியவர் ஜாக் ராதர் என்ற தயாரிப்பாளர். அது டிஸ்னி நிறுவனத்தின் கைக்கு வந்தது 1988இல்தான். இதற்கிடையே வேலிக்கு வெளியே மோட்டல்கள் முளைத்து, வந்த கூட்டத்தின் காசை அள்ளின. அந்தச் சூடு பட்டதும் ஒரு காரணமாகத்தான் 1960களில் ஃபுளோரிடாவில் சுமார் 27,000 ஏக்கரைச் சத்தமில்லாமல் வாங்கிப் போட்டார்கள். ஆக, உங்களை வளாகத்துக்குள்ளேயே தங்கவைப்பது அவர்களின் ஆதித் திட்டம். அங்கே கிடைக்கிற சலுகையெல்லாம் அந்த வியாபாரத்தின் பகுதி என்பதை மறக்காமல் கணக்குப் போட்டால் போதும்.

சலுகைகள் நிலையும் இல்லை. டிஸ்னி வேர்ல்டு 2005 முதல் விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு இலவச பஸ் விட்டது. 2022 தொடக்கத்தில் நிறுத்திவிட்டது. தங்குகிறவர்களிடமே இரவு பார்க்கிங்குக்குக் கட்டணம் வாங்க 2018இல் ஆரம்பித்தார்கள், 2023இல் கைவிட்டார்கள். பக்கத்திலேயே யூனிவர்சல் ஹோட்டல்களில் தங்குகிறவர்களும் பார்க்கிங்குக்குத் தனியாகக் கட்ட வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் போய்வந்த சித்தப்பா சொன்னதை வைத்து முன்பதிவு செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். அறையோடு பார்க் டிக்கெட்டும் வரும் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. பல இடங்களில் வராது. விலைப் பட்டியலில் "டிக்கெட்" என்ற சொல் இல்லையென்றால் இல்லைதான்.

இவ்வளவு சொன்ன பிறகும், சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களிடம் நான் பார்க் ஹோட்டலையே சொல்வேன். காரணம் காலை நேரம்கூட இல்லை, பகல் இரண்டு மணி. வெயிலும் கூட்டமும் உச்சத்தில் இருக்கிற நேரம். அந்தப் பயணத்தின் இரண்டாம் நாள் சின்னவள் ஸ்ட்ரோலரிலேயே தலை சாய்ந்துவிட்டாள், கையில் பாதி உருகிய ஐஸ்கிரீமோடு. பெரியவன் எதற்கென்று தெரியாமல் அழுதுகொண்டிருந்தான். ஏழெட்டு நிமிஷத்தில் அறை. திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஈரத்துணியால் கையைத் துடைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் எல்லோரும் செத்துப்போனதுபோல் தூங்கினோம். ஐந்து மணிக்குத் திரும்பி வந்து இரவு வாணவேடிக்கைவரை இருந்தோம். வெளி ஹோட்டலில் இருந்திருந்தால் பகல் இரண்டு மணியோடு அன்றைய டிக்கெட் முடிந்திருக்கும். தவறு என்னவென்றால், இப்படி நடுவில் வந்து தூங்கும் உத்தேசமே இல்லாதவர்களும், காலை முதல் இரவு வரை ஓடுகிற கல்லூரிப் பிள்ளைகளும் இதே காசைக் கொடுப்பது.

அறை அலங்காரத்துக்காகக் கொடுப்பதும் பெரும்பாலும் வீண். விழித்திருந்து அந்த அறையைப் பார்க்கப்போவது அரை மணி நேரம். லீகோலேண்ட் ஹோட்டல்கள் இதற்கு விலக்கு. குழந்தைகளுக்கு அடுக்குக் கட்டிலோடு தனி மூலை, துப்புகளைத் தேடித் திறக்க அறைக்குள்ளேயே ஒரு புதையல் பெட்டி என்று ஹோட்டலே விளையாட்டின் பாதி. "பார்க் வியூ" அறைக்கு நான் ஒரு தடவை கூடுதலாகக் கொடுத்தேன். தெரிந்தது ஒரு ரோலர் கோஸ்டரின் முதுகும் ஊழியர்களின் கார் நிறுத்துமிடமும்.

எத்தனை ராத்திரி போனாலும் அத்தனையும் ஒரே ஹோட்டலில் என்று யாரும் சட்டம் போடவில்லை. ராத்திரி பத்து மணிக்கு வந்து இறங்குகிற நாளுக்கும், பார்க்குக்கே போகாத நாளுக்கும் விமான நிலையத்துப் பக்கம் மலிவாக ஓர் அறை போதும். நடுவில் பார்க் நாட்களுக்கு மட்டும் உள்ளே போங்கள். இப்போதெல்லாம் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். கடைசி நாள் பதினோரு மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டு, பெட்டிகளை லாபியில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு, பார்க் மூடும்வரை உள்ளே இருந்துவிட்டுக் கிளம்புவோம். மாற்று உடையை மட்டும் பெட்டிக்குள் அடியில் வைத்துவிடாதீர்கள். தண்ணீர் ரைடில் நனைந்து வந்து லாபி தரையில் பெட்டியைப் பிரித்துப் போட்டவன் சொல்கிறேன்.