புது செயற்கைக்கோள் கைவிட்டுப் போனதா? சுற்றுப்பாதை எண்களை வைத்துக் கண்டறிவது எப்படி

சேவை தொடங்கும் முன்பே ஒரு தகவல்தொடர்பு செயற்கைக்கோள் போய்விட்டது என்று செய்தி வந்தால், முதலில் பிரித்தறிய வேண்டியது அது எந்த வகையில் போனது என்பதை. பாதையைத் தொடாமலே அழிவது ஒரு வகை: 2007 ஜனவரியில் ஏவுமேடையிலேயே வெடிப்பில் போன என்எஸ்எஸ்-8, 2016 செப்டம்பரில் ஏவுவதற்கு முந்தைய சோதனையில் எரிந்த அமோஸ்-6, 2010 டிசம்பரில் ராக்கெட்டோடு சிதறிய ஜிசாட்-5பி. தவறான பாதையில் விடப்படுவது இன்னொரு வகை. செயற்கைக்கோளில் கோளாறு எதுவும் இருக்காது, போக வேண்டிய உயரத்துக்கு எரிபொருள் போதாது, அவ்வளவுதான். சரியான பாதையில் ஏறிக்கொண்டிருக்கும்போது பேச்சு நின்றுபோவது மூன்றாவது. 2018-இல் ஜிசாட்-6ஏ அப்படிப் போனது.

முதல் வகையில் கணக்குப் போட ஒன்றுமில்லை. மற்ற இரண்டிலும், நிறுவனத்தின் இரண்டு வரி அறிவிப்பைவிட அதிகமான விவரம் பொதுவில் கிடைக்கும் சுற்றுப்பாதைத் தரவில் இருக்கிறது. அதைப் படிக்க ஒரு விரிதாளும் பள்ளிக் கணிதமும் போதும்.

தரவை எடுப்பது

செலஸ்ட்ராக் தளத்தில் பதிவு செய்யாமலே இன்றைய தரவு கிடைக்கும். ஆனால் இங்கே தேவைப்படுவது பழைய வரலாறு. அதற்கு ஸ்பேஸ்-டிராக் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, செயற்கைக்கோளின் நோராட் எண்ணை (விண்பொருள் ஒவ்வொன்றுக்கும் தரப்படும் பட்டியல் எண்) கொடுத்து, ஏவிய நாளிலிருந்து எல்லாப் பதிவுகளையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஜிசாட்-6ஏ-வின் எண் 43241. ராணுவச் செயற்கைக்கோள்கள் பலவற்றுக்குத் தரவு வெளியிடப்படுவதில்லை. அவற்றில் இந்த வழி செல்லாது.

பலர் சறுக்கும் இடம் இதுதான். ஒரே ஏவுதலில் செயற்கைக்கோள், ராக்கெட்டின் மேல்நிலை (கடைசி அடுக்கு), சில நேரம் இணைப்பு வளையம் என்று பல பொருள்கள் பட்டியலாகும். முதல் இரண்டு மூன்று நாள்களில் எது எதுவென்று பெயர் மாறிக் கிடப்பது சகஜம். பெயரை நம்பாதீர்கள். எந்தப் பொருளின் பாதை படிப்படியாக உயர்கிறதோ அதுதான் செயற்கைக்கோள். மேல்நிலைக்குத் தானாக ஏற வழியில்லை.

பழைய இரண்டு வரி வடிவத்தில் எடுத்தால் எண்கள் நிற்கும் இடம் முக்கியம். முதல் வரியில் 19 முதல் 32 வரையான இடங்கள் நேரம். 18090.5 என்று இருந்தால் 2018-ஆம் ஆண்டின் 90-ஆவது நாள், அதாவது மார்ச் 31, உலக நேரம் நண்பகல் 12 மணி. இதை உள்ளூர் நேரமாக எண்ணிக்கொண்டு 'எஞ்சின் எரிவதற்கு முன்பே பாதை மாறிவிட்டதே' என்று குழம்புகிறவர்கள் உண்டு. இரண்டாம் வரியில் 9–16 சாய்வுக் கோணம் (பூமத்திய ரேகைத் தளத்திலிருந்து பாதை சாய்ந்திருக்கும் அளவு), 27–33 மையத்தொலைத்தகவு (பாதை எவ்வளவு நீள்வட்டம் என்பது; வட்டத்துக்குச் சுழியம்), 53–63 நாளுக்கு எத்தனை சுற்று என்பது. மையத்தொலைத்தகவில் தசமப் புள்ளி அச்சிடப்படாது. 7300000 என்றால் 0.73. புதிதாகத் தொடங்குகிறவர்கள் சிஎஸ்வி வடிவத்தில் எடுப்பதே நல்லது. இடம் எண்ணும் வேலையே இல்லை, ஐந்து இலக்கத்தைத் தாண்டும் நோராட் எண்களும் அதில் அடங்கும்.

எண்ணிலிருந்து உயரம்

அரை நெட்டச்சு = 42,241 ÷ (நாளுக்குச் சுற்று, 2/3 அடுக்கில்). விடை கிலோமீட்டரில் வரும். அரை நெட்டச்சு என்பது நீள்வட்டத்தின் நீளமான விட்டத்தில் பாதி; அண்மைப்புள்ளி பாதையில் பூமிக்கு மிக அருகான இடம், சேய்மைப்புள்ளி மிகத் தொலைவான இடம். பிறகு,

அண்மைப்புள்ளி உயரம் = அரை நெட்டச்சு × (1 − மையத்தொலைத்தகவு) − 6,378
சேய்மைப்புள்ளி உயரம் = அரை நெட்டச்சு × (1 + மையத்தொலைத்தகவு) − 6,378

சோதித்துப் பார்க்க: நாளுக்கு 2.28 சுற்று, தகவு 0.73. அரை நெட்டச்சு சுமார் 24,385 கி.மீ. வரும். அண்மைப்புள்ளி 206, சேய்மைப்புள்ளி 35,808. ராக்கெட் விட்டுச்செல்லும் வழக்கமான இடைமாற்றுப் பாதை இது. பூமியோடு சேர்ந்தே சுற்றி, வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைப் பாதையில் நாளுக்கு 1.00274 சுற்று, அரை நெட்டச்சு 42,164 கி.மீ.

எல்லாப் பதிவுக்கும் இந்த மூன்று எண்களையும் கணக்கிட்டு, நேரத்தைக் கிடையாகவும் அண்மைப்புள்ளி உயரத்தைச் செங்குத்தாகவும் வைத்து வரைபடம் போடுங்கள். திரவ எரிபொருள் எஞ்சின் கொண்ட செயற்கைக்கோளுக்குப் படிக்கட்டு மாதிரி வரும்: ஒவ்வொரு எரிப்புக்கும் ஒரு தாவல், இடையில் தட்டையான கோடு. எஞ்சினைச் சேய்மைப்புள்ளியில் எரிப்பதால் அண்மைப்புள்ளிதான் உயரும், கூடவே சாய்வும் குறையும். மின்னுந்து எஞ்சின் கொண்டதற்குப் படிக்கட்டே வராது, மாதக்கணக்கில் வழுவழுப்பான ஏற்றம்தான். 2015 மார்ச்சில் ஏவிய ஏபிஎஸ்-3ஏ தன் இடத்தைப் பிடிக்க ஏறத்தாழ ஆறு மாதம் எடுத்தது. அந்த மெதுவான ஏற்றத்தைப் பார்த்துக் கோளாறு என்று முடிவுகட்டக் கூடாது.

எரிப்பு முடிந்து ஓரிரு நாள் வரை வரும் பதிவுகளைச் சந்தேகத்தோடே பாருங்கள். கணிப்பு மென்பொருள் எரிப்புக்கு முந்தைய அளவீடுகளையும் பிந்தையவற்றையும் கலந்து, நடுவில் ஒரு போலிப் பாதையைக் காட்டும். அப்படிப்பட்ட ஒற்றைப் புள்ளியைத் தூக்கிவிடலாம். அடுத்தடுத்து மூன்று பதிவு ஒத்துப்போனால் நம்பலாம்.

எரிப்பு முழுதாக நடந்ததா?

தரவு உண்மையில் பேசத் தொடங்குவது இங்கேதான். ஜிசாட்-6ஏ-வை எடுத்துக்கொள்வோம். 2018 மார்ச் 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி-எஃப்08 ஏற்றிச்சென்றது. எடை ஏறத்தாழ 2,120 கிலோ. 30-ஆம் தேதி முதல் எரிப்பு, 2,188 வினாடி. 31-ஆம் தேதி காலை இரண்டாவது, சுமார் 53 நிமிடம். மூன்றாவதும் கடைசியுமான எரிப்பு ஏப்ரல் 1-ஆம் தேதிக்குத் திட்டமிடப்பட்டிருந்தது. அதற்குத் தயாராகும்போதுதான் தொடர்பு போனது.

பாதை எண்கள் தோராயமாக இவை:
முதல் எரிப்புக்குப் பின்: 5,050 × 36,410 கி.மீ., சாய்வு 11.9 பாகை
இரண்டாவதுக்குப் பின்: 26,340 × 36,370 கி.மீ., சாய்வு 3.3 பாகை

இரண்டாம் எரிப்பின் நடுவில் எஞ்சின் நின்றிருக்குமா? இரு பக்கத்திலிருந்தும் கணக்குப் போட்டு ஒப்பிடலாம்.

பாதைப் பக்கம்: வேகத்தின் வர்க்கம் = 3,98,600 × (2 ÷ ஆரம் − 1 ÷ அரை நெட்டச்சு). ஆரம் என்பது உயரத்தோடு 6,378-ஐக் கூட்டியது. சேய்மைப்புள்ளி ஆரம் 42,790 கி.மீ. எரிப்புக்கு முன் அரை நெட்டச்சு 27,110, ஆகவே வேகம் நொடிக்கு 1.98 கி.மீ. பின் அரை நெட்டச்சு 37,730, வேகம் 2.84. இரண்டுக்கும் இடையில் திசையும் 8.6 பாகை திரும்பியிருப்பதால் நேரடியாகக் கழிக்கக் கூடாது. முக்கோணத்தின் கொசைன் விதியைப் போட வேண்டும். விடை நொடிக்கு ஏறத்தாழ 930 மீட்டர்.

எஞ்சின் பக்கம்: 440 நியூட்டன் உந்துவிசை, 3,180 வினாடி. இந்த அளவு எஞ்சின் நொடிக்கு ஏறத்தாழ 140 கிராம் எரிபொருளைக் குடிக்கும். முதல் எரிப்பில் 310 கிலோவும் இரண்டாவதில் 450 கிலோவும் போயிருக்கும் என்று வைத்தால், இரண்டாவதின்போது சராசரி எடை 1,580 கிலோ. 440 × 3,180 ÷ 1,580, அதாவது நொடிக்கு 886 மீட்டர்.

இரண்டுக்கும் வித்தியாசம் 5 விழுக்காடு.  உந்துவிசை பெயரளவு எண், பாதை எண்கள் தோராயமாக்கப்பட்டவை. இந்த அளவு பிசகு எதிர்பார்க்கக்கூடியதே. எஞ்சின் பாதியில் நின்றிருந்தால் பாதைப் பக்கம் 460 அளவில் வந்திருக்கும். ஆக, எஞ்சின் தன் வேலையை முடித்திருக்கிறது, கோளாறு அதற்குப் பின்னால் வந்தது. இரண்டாம் எரிப்பு வெற்றி என்ற இஸ்ரோவின் அறிவிப்போடு இது பொருந்துகிறது. கோளாறு மின்வழங்கலிலா, கணினியிலா என்று இந்த எண்கள் சொல்லாது. பாதையை மட்டும் பார்த்து அந்த அளவுக்குச் சொல்கிறவர் ஊகிக்கிறார்.

மௌனத்துக்குப் பிறகு

அடுத்த எரிப்புக்குக் குறித்த நாள் கடந்தும் வரைபடக் கோடு தட்டையாகவே போனால் கட்டளை போய்ச்சேரவில்லை. ஆனால் செயலற்ற பொருளின் பாதையும் அசையாமல் இருக்காது. நிலவும் சூரியனும் இழுப்பதால் நீள்வட்டப் பாதையின் அண்மைப்புள்ளி சில வாரங்களில் பத்துக்கணக்கான கிலோமீட்டர் ஏறும், இறங்கும். இதை யாரோ இயக்குகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இயக்கம் என்றால் சட்டென்ற தாவல், நாளுக்கு எத்தனை சுற்று என்ற எண்ணிலும் அது தெரிய வேண்டும்.

புவிநிலைப் பாதைக்கு அருகில் நின்றுபோனவற்றுக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. நாளுக்குச் சுற்று எண்ணிலிருந்து 1.00274-ஐக் கழித்து 360-ஆல் பெருக்குங்கள், நாளுக்கு எத்தனை பாகை நகர்கிறது என்று தெரியும். 1.0005 என்றால் மேற்கே நாளுக்குச் சுமார் 0.8 பாகை, அதாவது புவிநிலைப் பாதைக்கு 63 கி.மீ. மேலே. உயிருள்ள செயற்கைக்கோள் தன் இடத்தை நெருங்கும்போது இந்த எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டுவரும். செயலற்றது தன் இடத்தைத் தாண்டி நகர்ந்துகொண்டே போகும், அல்லது கிழக்கு 75 பாகை, மேற்கு 105 பாகை என்ற இரு சமநிலைப் புள்ளிகளில் ஒன்றைச் சுற்றி ஊசலாடும். சாய்வும் ஆண்டுக்கு முக்கால் பாகையிலிருந்து ஒரு பாகை வரை கூடும், தடுக்க ஆளில்லாததால்.

கேட்டுப் பார்க்கலாமா? கருவி இருந்தால் பார்க்கலாம், கேட்பது மட்டும். கட்டளை அனுப்ப முயல்வது பயனற்றது, சட்டவிரோதமும்கூட. டெலிமெட்ரி அலை (செயற்கைக்கோள் தன் நிலையைத் தெரிவிக்க அனுப்பும் வானொலி அலை) கிடைத்தால் அதன் அதிர்வெண் எப்படி மாறுகிறது என்று பதிவு செய்யுங்கள். நீள்வட்டப் பாதையில் செயற்கைக்கோள் நொடிக்கு 3 கி.மீ. வேகத்தில் விலகும்போது 4 கிகாஹெர்ட்ஸ் அலை 40 கிலோஹெர்ட்ஸ் இறங்கும். அந்த வளைவு பாதைக் கணிப்போடு பொருந்தினால் மட்டுமே அது உங்கள் செயற்கைக்கோள். அசையாமல் நிற்கும் அலை பெரும்பாலும் அதே திசையில் இருக்கும் வேறொரு புவிநிலைச் செயற்கைக்கோளுடையது.

தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு வேறொரு வழி. எட்டு அங்குலத் தொலைநோக்கியை நகராமல் நிறுத்தி, 5 முதல் 10 வினாடி வரையான படங்களைத் தொடர்ந்து எடுங்கள். விண்மீன்கள் கோடாக இழுபடும், புவிநிலைப் பொருள் புள்ளியாக நிற்கும். கட்டுப்பாட்டில் இருப்பதன் பிரகாசம் மெதுவாக மாறும், உருள்வது சீரான இடைவெளியில் மின்னும். பத்து மின்னலுக்கான நேரத்தை அளந்து பத்தால் வகுங்கள். ஒரு சுழற்சியில் சூரியத் தகடுகள் இரண்டு முறை மின்னக்கூடும், எனவே உண்மையான சுழற்சிக்காலம் நீங்கள் அளந்ததைப்போல் இருமடங்காகவும் இருக்கலாம்.

மீட்க முடியுமா என்ற கணக்கு

தவறான பாதையில் விடப்பட்டதற்கு இதைப் போடுவது பயனுள்ளது. வழக்கமான இடைமாற்றுப் பாதையிலிருந்து புவிநிலைப் பாதைக்கு நொடிக்கு 1,500 முதல் 1,800 மீட்டர் வேகமாற்றம் தேவை. சேவையில் இருக்கும்போது இடத்தைக் காக்க ஆண்டுக்கு 50 மீட்டர் அளவு. இந்த இரண்டும்தான் கையிருப்பு.

2012 ஆகஸ்டில் டெல்காம்-3 சுமார் 266 × 5,015 கி.மீ. பாதையில், ஏறத்தாழ 50 பாகை சாய்வில் மாட்டிக்கொண்டது. மேல்நிலை மூன்றாவது எரிப்பைத் தொடங்கிய சில வினாடிகளில் நின்றுவிட்டது. சேய்மைப்புள்ளியை உயர்த்த மட்டும் நொடிக்கு 1,480 மீட்டர், வட்டமாக்கிச் சாய்வை நீக்க இன்னொரு 2,380. கூட்டினால் 3,860. எந்தத் தகவல்தொடர்பு செயற்கைக்கோளின் தொட்டியும் இதைத் தாங்காது. கைவிட்டார்கள், 2021-இல் வளிமண்டலத்தில் விழுந்தது.

1997 டிசம்பரில் ஏவிய ஏசியாசாட்-3-க்கும் சாய்வுதான் தடை. அதை நிலவை நோக்கி எறிந்து, நிலவின் ஈர்ப்பால் சாய்வைக் குறைத்து, 1998-இல் பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றும் பாதையில் சேர்த்தார்கள். உங்கள் கணக்கில் பெரும்பங்கு சாய்வுக்கே போகிறது என்றால் இந்த வழியை மனதில் வையுங்கள். பற்றாக்குறை சேய்மைப்புள்ளி உயரத்தில் என்றால் நிலவு வரை போகவே எரிபொருள் இருக்காது.

பெரிய எஞ்சின் மட்டும் பழுதானால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. 2010 ஆகஸ்டில் ஏஇஎச்எஃப்-1-இல் அதுதான் நடந்தது. சிறு உந்திகளையும் மின்னுந்து எஞ்சினையும் கொண்டு 2011 அக்டோபருக்குள் இடத்துக்கு ஏற்றிவிட்டார்கள்.

தரவைக் கவனிப்பதை எப்போது நிறுத்தலாம்? அங்கோசாட்-1 2017 டிசம்பர் 26 அன்று ஏவப்பட்டு உடனே மௌனமாகி, சில நாளில் மீண்டும் பேசியது, ஆனாலும் 2018 ஏப்ரலில் பயனற்றது என்று அறிவிக்கப்பட்டது. சேவையில் இருந்த கேலக்ஸி-15 எட்டு மாதம் கட்டளையை ஏற்காமல் அலைந்து, 2010 டிசம்பரில் மின்கலம் வடிந்து தானாக மறுதொடக்கம் ஆனபின் கைக்கு வந்தது. எனவே ஆறு மாதம் வரை வாரம் ஒருமுறை, அதன்பின் சம இரவு நாள்களையொட்டிய நிழல் பருவத்தில் மட்டும் பார்த்தால் போதும். நிழலில் மின்சாரம் அறுந்து கருவிகள் புதிதாகத் தொடங்க வாய்ப்புள்ள காலம் அதுவே.