ஆல்ட்ரேஷன் செய்த காருக்கு விலை போடும்போது நடக்கும் தவறுகள்

கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே ரேஸ் டிராக் இருக்கிற சீமையில், வண்டியைக் கம்பெனி ஃபிட்டிங்கோடு அப்படியே விட்டுவைக்க மனசு வராதவர்கள் நிறையப் பேர். அலாய் வீல், லோயரிங் (வண்டியின் உயரத்தைக் குறைப்பது), ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாற்றுவது), எக்ஸாஸ்ட், சவுண்ட் செட் என்று பார்த்துப் பார்த்துப் போடுவார்கள். விற்கிற நாள் வந்தால்தான் தலைவலி. கீழே வருவதெல்லாம் விற்பவர்கள் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. ஒவ்வொன்றும் விலையைக் கெடுக்கிற பேச்சு.

"மேல் செலவே நாலு லட்சங்க"

வண்டி ஆறு, செலவு நாலு, கழிச்சுக் குறைச்சு ஒன்பதரை. பெரும்பாலான விளம்பரங்களின் கணக்கு இதுதான். மூன்று மாதம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்; பிறகு அலுத்துப்போய் கன்சல்டிங்கில் (பழைய கார் வாங்கி விற்கும் கடையில்) அஞ்சரைக்குத் தள்ளிவிடுவார்கள்.

வாங்க வருபவர் பார்ப்பது 2018 மாடல், இரண்டாவது ஓனர், 70,000 கிலோமீட்டர் ஓடிய ஒரு கார். உங்கள் பில் கட்டு, வேலை நல்ல கடையில் நடந்தது என்பதற்கு ஆதாரம். அதற்குமேல் அதற்கு விலை கிடையாது. ஆகவே கணக்கை ஸ்டாக் வண்டியின், அதாவது கம்பெனி ஃபிட்டிங்கோடு கை படாத வண்டியின், ரேட்டிலிருந்து தொடங்குங்கள். அதன்மேல் எதைக் கூட்டலாம், எதைக் கழிக்கணும் என்பதெல்லாம் அடுத்த வேலை.

"ஆன்லைன்ல ஒருத்தன் ஏழு சொல்றானுங்க"

ஏழு சொல்கிறவர் இன்னும் விற்கவில்லை, அதனால்தான் அந்த விளம்பரம் உங்கள் கண்ணில் படுகிறது. கேட்கிற விலை வேறு, கை மாறுகிற விலை வேறு.

ஸ்டாக் ரேட்டைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதே மாடல், அதே வேரியன்ட், அதே எரிபொருள், ஒரு வருஷம் முன்பின், ஓடிய தூரத்தில் 15,000 கிலோமீட்டருக்குள் வித்தியாசம், அதே எண்ணிக்கை ஓனர்: இப்படி எட்டுப் பத்து வண்டிகளைக் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர் வட்டாரத்துக்குள் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி பாருங்கள். காணாமல் போனவை ஓரளவு சரியான விலையில் இருந்தவை. அப்படியே கிடப்பவற்றை அடித்துவிடுங்கள். மிஞ்சியவற்றில் நடுவில் நிற்கும் விலையை எடுத்து, பேரத்துக்காக நான்கைந்து சதவீதம் கழியுங்கள். பிறகு இரண்டு கன்சல்டிங்கில் வண்டியைக் காட்டி, "இன்னைக்கே எடுத்தா என்ன கொடுப்பீங்க?" என்று கேளுங்கள். அது அடிமட்ட விலை. அவர்கள் டிங்கரிங், பாலிஷ், டயர், லாபம் எல்லாம் பார்க்க வேண்டும், அதனால் கோபப்பட ஒன்றுமில்லை. உங்கள் ஸ்டாக் ரேட் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும்.

பெங்களூரு விளம்பரங்களை இதில் சேர்க்க வேண்டாம். கர்நாடகப் பதிவு வண்டிக்குத் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, மறுபதிவு செய்யணும்; அந்தச் செலவு விலையில் ஒளிந்திருக்கும். பாலக்காட்டுக்காரர் உங்கள் வண்டியைக் கேட்டு வரும்போதும் இதே கணக்கைத்தான் போடுவார். அதோடு, ஆல்ட்ரேஷன் விஷயத்தில் கேரள மோட்டார் வாகனத் துறை கறாரானது என்பதும் அவருக்குத் தெரியும். வாளையாறுக்கு அந்தப்பக்கம் கூடுதல் விலை கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

இன்சூரன்ஸ் பேப்பரில் இருக்கும் ஐடிவியும் (காப்பீட்டுக்காக வண்டிக்குப் போடும் மதிப்பு) சந்தை விலை ஆகாது. அது தேய்மான அட்டவணைப்படி வருவது: மூன்று முடிந்து நான்காம் வருஷத்துக்குள் 40 சதவீதம், ஐந்தாம் வருஷத்துக்குள் 50 சதவீதம் கழிப்பார்கள். ஓட்டமுள்ள மாடல் அதற்கு மேலேயும் போகும், ஓட்டமில்லாதது கீழேயும் போகும்.

இன்னொன்று, நின்றுபோன மாடல்களின் மவுசு. மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்தியது. போலோ 2022இல் நின்றது. இவற்றில் நல்ல வண்டிக்கு இன்றும் ஆள் இருக்கிறது. ஆனால் அவர்கள் தேடுவது கை படாத வண்டியை. டேஷ்போர்டைத் துளைத்து மூன்று கேஜ் மீட்டர் மாட்டிய வண்டிக்கு அந்த மவுசு சேராது.

"எல்லாத்துக்கும் பாதி போட்டுக்கலாம்"

நியாயமாகத் தோன்றும், ஆனால் தவறான வழி. சில ஐட்டம் பாதிக்குப் போகும், சில சுழியம், சிலவற்றுக்கு நீங்கள்தான் கைக்காசு போட வேண்டிவரும். ஒவ்வொன்றையும் இரண்டு கேள்வியில் பிரியுங்கள்: கழற்றினால் தனியாக விற்குமா? கழற்றிய இடத்தில் மாட்ட ஒரிஜினல் சாமான் இருக்கிறதா?

அலாய் வீல் தனியாக விற்கும், அடுத்த வண்டிக்குப் பொருந்தினால். ஸ்விஃப்டுக்கு நாலு போல்ட், போல்ட் நிற்கும் வட்டம் 100 மி.மீ., நடு ஓட்டை 54.1 மி.மீ. போலோவுக்கு ஐந்து போல்ட், அதே 100, நடு ஓட்டை 57.1. இந்த எண்களோடு வீலின் உள்பக்கம் குத்தியிருக்கும் ஆஃப்செட் எண்ணையும் (வீல் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காரும் என்று சொல்லும் எண்) விளம்பரத்தில் போடுங்கள், வெட்டிப் போன்கால் குறையும். ஆஃப்செட் பொருந்தாமல் ஸ்பேசர் (வீலை வெளியே தள்ளும் தட்டு) வைத்து ஓட்டியிருந்தால் வீல் பேரிங்கில் ஊளைச் சத்தம் வரும், டயர் ஒருபக்கமாகத் தேயும். கூட வரும் மெக்கானிக் முதலில் கையை விடுவது டயரின் உள்விளிம்பில்தான். டயர் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தையும் பார்ப்பார்: 2321 என்றால் 2021ஆம் வருஷம் 23ஆவது வாரம். ஐந்து வருஷம் தாண்டிய டயரில் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டை) எவ்வளவு இருந்தாலும் அதற்கு விலை கேட்க முடியாது.

சஸ்பென்ஷனில் நல்ல பிராண்ட் காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த, உயரம் மாற்றக்கூடிய செட்), எண்ணெய் கசியாமல் இருந்தால், காசாகும். ஸ்பிரிங்கை வெட்டி லோயர் செய்திருந்தால் கதையே வேறு. நாலு ஸ்பிரிங் புதிதாக வேண்டும், ஷாக் அப்சார்பரும் பெரும்பாலும் அடிவாங்கியிருக்கும். அந்தத் தொகையை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எதிராளி அதை இரண்டு மடங்காக்கிக் கழிப்பார்.

ரீமேப்புக்கு அனேகமாக ஒன்றும் கிடைக்காது. உங்களுக்கு அதுதான் வண்டியின் உயிராக இருக்கலாம். வாங்குபவருக்கு அது கிளட்ச் பயம். 1.2 லிட்டர் போலோ ஜிடி டிஎஸ்ஐயில் வந்த ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டி 250 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கு வடிவமைத்தது. மேப் அதைத் தொட்டுக்கொண்டோ தாண்டியோ நின்றால், விஷயம் தெரிந்தவர் கிளட்ச் செலவை விலையில் கழித்துத்தான் பேசுவார். டைனோ சீட் (இன்ஜின் சக்தியை அளந்து தந்த தாள்) இருந்தால் காட்டுங்கள். டியூனரிடம் ஸ்டாக் ஃபைல் இருக்கிறதா, திருப்பி ஏற்றித் தருவாரா என்பதை விளம்பரம் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எக்ஸாஸ்ட்டில் பின் மஃப்ளர் மட்டும் மாற்றியது சின்ன விஷயம். டவுன்பைப் (டர்போவை ஒட்டிய புகைக்குழாய்) போட்டு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) எடுத்திருந்தால் புகைச் சோதனையில் உதைக்கும். பழைய கன்வெர்ட்டர் அட்டாலியில் இருந்தால் தப்பித்தீர்கள். அன்றைக்கே பழைய சாமானுக்குப் போட்டிருந்தால் புதிது வாங்கும் விலை இப்போது உங்கள் தலையில். பம்பர், ஹெட்லைட், ஸ்டாக் வீல் போன்றவை கோவை உக்கடம் பழைய சாமான் கடைகளில் தேடினால் கிடைக்கலாம். உள்ளே சரக்கு இருக்கிற நல்ல கன்வெர்ட்டர் அப்படிச் சுலபமாகக் கிடைக்காது.

சவுண்ட் செட்டில் விலை போவது ஆம்ப்ளிஃபயரும் சப்ஊஃபரும். விலையைக் கெடுப்பது ஒயர். பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கேபிளில், பேட்டரியை ஒட்டி 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் இருக்கணும். அது இல்லாமல், கம்பெனி பிளக்கை வெட்டி டேப் சுற்றியிருந்தால், வருகிறவர் வண்டி முழுக்க இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுவார். லைட்டும் அப்படியே. எச்4 பல்பு 60/55 வாட்ஸுக்கு உண்டானது. ரிலே இல்லாமல் 100/90 போட்டால் ஹோல்டர் உருகும். அந்த உருகிய ஹோல்டர் நூறு ரூபாய்ச் சாமான்தான், பேரத்தில் பத்தாயிரத்தை இழுத்துவிடும்.

கலர் ரேப்புக்கு (வண்டிமேல் ஒட்டும் கலர் பிலிம்) விலை இல்லை, உரிக்கும் கூலி உண்டு. பிபிஎஃப் (பெயின்ட்டைக் காக்க ஒட்டும் தெளிவான பிலிம்) கொஞ்சம் உதவும், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. கம்பெனி பெயின்ட் சுமார் 100 முதல் 150 மைக்ரான். பிபிஎஃப் அதன்மேல் இன்னொரு 150 முதல் 200 சேர்க்கும். பெயின்ட் தடிமனை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்க்கிறவருக்கு 300 காட்டினால், "அடிபட்டு பட்டி பார்த்த வண்டிங்க" என்று கிளம்பிவிடுவார். வந்த உடனே சொல்லிவிடுங்கள். பிலிம் இல்லாத கதவு இடுக்கில் மீட்டரை வைக்கச் சொல்லுங்கள்.

செராமிக் கோட்டிங், சீட் கவர், ஃப்ளோர் மேட்: சுழியம். ஃபேன்சி நம்பருக்குக் கட்டிய பணமும் அப்படித்தான், அதே கூட்டுத்தொகையைத் தேடிக்கொண்டிருக்கும் ஆள் மாட்டினாலொழிய.

"ஆர்டிஓல ஒண்ணும் கேக்க மாட்டாங்க"

கேட்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

விலைக்கு இதில் என்ன? ஆர்சியில் வெள்ளை என்று இருந்து வண்டி மேட் கறுப்பாக நின்றால், ஆர்சியில் ஐந்து சீட் என்று இருந்து பின்சீட்டைக் கழற்றி ரோல்கேஜ் (உள்ளே போடும் இரும்புக் குழாய்க் கூடு) வெல்டிங் செய்திருந்தால், சிஎன்ஜி கிட் ஏறியும் ஆர்சியில் ஏறாமல் இருந்தால், வாங்குபவர் அந்த ஆபத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். சரிசெய்யும் செலவோடு அலைச்சலுக்கும் ஒரு தொகை கழிப்பார். முன் பம்பரில் கனத்த இரும்புக் கார்டு இருந்தால் கழற்றிவிட்டே படம் எடுங்கள். 2017 டிசம்பரில் மத்திய அரசு அதற்கு எதிராக உத்தரவு போட்டாயிற்று. மாற்றங்களை இன்சூரன்ஸில் சொல்லியிருக்கிறீர்களா என்ற கேள்வியும் வரும். சொல்லவில்லை என்றால் இல்லை என்றே சொல்லுங்கள்.

"பொறுத்திருந்தா ஆசைப்பட்டவன் வருவான்"

வருவான், ஆனால் எத்தனை பேர்? கொங்கு நாட்டில் நிறையக் குடும்பங்களுக்குத் தோட்டத்தில் வீடு. தார் ரோட்டிலிருந்து இறங்கி இட்டேரியில் ஒரு கிலோமீட்டர் போகணும். அடிவயிறு தரையைத் தொடுகிற காரை அவர்களால் வீட்டுக்கே கொண்டுபோக முடியாது. வாங்கும் கூட்டத்தில் பெரும் பங்கு அங்கேயே கழிந்துவிடும். ஆள் குறைந்தால் விலையும் குறையும். பொள்ளாச்சி, ஆனைமலை, சத்தியமங்கலம் பக்கம் உயரம் கூட்டிய மஹிந்திரா தார், மாருதி ஜிப்ஸிக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே மட் டயரும் வின்ச்சும் (மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் கருவி) வேலைக்கு ஆகிற சாமான். ஒரே செலவு, ஒரு வண்டியில் போகும், இன்னொன்றில் போகாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். தொகைகள் உதாரணத்துக்குத்தான். ஸ்டாக் ரேட் 5,90,000 என்று வையுங்கள். அலாயும் டயரும் 95,000, காயில்ஓவர் 1,10,000, ரீமேப் 35,000, டவுன்பைப்போடு எக்ஸாஸ்ட் 60,000, சவுண்ட் 70,000, ரேப் 60,000. ஆக 4,30,000 செலவு. கழற்றித் தனியாக விற்றால் அலாய் 45,000, காயில்ஓவர் 50,000, எக்ஸாஸ்ட் 15,000, சவுண்ட் 25,000, மொத்தம் 1,35,000. ஒரிஜினல் சாமானைத் திருப்பி மாட்டும் கூலி 15,000, ரேப் உரிக்க 10,000 போக, வண்டியும் சாமானும் சேர்ந்து 7,00,000 வரும்.

அப்படியே முழுசாக விற்றால்? வண்டியோடு வருகிற சாமானுக்கு, தனியாக விற்கும் விலையில் பாதி தருகிறவரே நல்லவர். 6,55,000க்குப் பக்கத்தில் நிற்கும். இடையில் இருக்கும் 45,000 ரூபாய், நீங்கள் கழற்றி, படம் எடுத்து, ஒவ்வொரு சாமானுக்கும் ஆள் தேடி அலைகிற கூலி. அலைய நேரமுள்ளவர் கழற்றட்டும்; அவசரக்காரர் 6,90,000 சொல்லி 6,55,000க்கு இறங்கட்டும். ஒன்பதரை லட்சம் என்பது இந்தத் தாளில் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா?

கழற்றுவதென்றால் விளம்பரத்துக்கு முன்பே கழற்றுங்கள். அலாயோடு படம் போட்டுவிட்டு, "அலாய் தனி ரேட்டுங்க" என்றால் வந்தவருக்கு வண்டியே பிடிக்காமல் போகும்.

"ஏத்திச் சொன்னாத்தான் இறக்கிக் கேப்பாங்க"

ஐந்து சதவீதம் ஏற்றுவது சம்பிரதாயம். இருபது சதவீதம் ஏற்றினால் பேரத்துக்கே யாரும் வர மாட்டார்கள், தேடும்போது விலை வரம்பிலேயே உங்கள் வண்டி விழாது.

முதல் மூன்று வாரத்தைக் கவனியுங்கள். போனே வரவில்லை என்றால் விலை தவறு. போன் வந்து, வண்டி பார்க்க வரவில்லை என்றால் மாற்றங்களை மறைத்தோ குழப்பியோ எழுதியிருக்கிறீர்கள். நேரில் பார்த்துவிட்டுக் கேட்காமல் போகிறார்கள் என்றால் வண்டியில் ஏதோ இருக்கிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். விலையை இறக்குவதென்றால் ஒரே தடவையில் 25,000, 30,000 என்று இறக்குங்கள். வாரம் இரண்டாயிரம் குறைத்துக்கொண்டே வந்தால் பார்க்கிறவர் இன்னும் காத்திருப்பார். ஆடி மாதத்தில் போட்ட விளம்பரத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஜனவரி பிறந்தால் வண்டிக்கு ஒரு வயசு கூடிவிடும், ஆகவே ஆவணி முதல் தீபாவளி வரை உள்ள காலம் நல்ல காலம்.

"ஏனுங்ணா, கடைசி ரேட்டு சொல்லுங்க" என்று போனிலேயே கேட்பவரிடம் கடைசி ரேட்டைச் சொல்லிவிட்டால், நேரில் வரும்போது பேரம் அங்கிருந்துதான் தொடங்கும். "வந்து வண்டியப் பாருங்க, பேசிக்கலாங்க" என்பதோடு நிறுத்துங்கள்.

டோக்கன் வாங்கும்போது எழுத வேண்டியவை: எந்தெந்தச் சாமான் வண்டியோடு போகிறது, பழைய இ-சலான் அபராதம் யார் கட்டுவது, பெயர் மாற்றச் செலவு யாருடையது. நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியோடு போகாது. அதனால் மிச்சமிருக்கும் இன்சூரன்ஸுக்கு முழு விலை கேட்காதீர்கள், போனஸைப் புது வண்டிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி கடனில் இருந்தால் வங்கிச் சான்றும், ஆர்சியில் கடனை நீக்கும் படிவம் 35உம் கையில் வந்த பிறகே விலை பேசுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்தானதும், 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தகவல் போகணும்.